மூன்றாம் வரிசை

ராயக்கோட்டை சாலைக் கல்யாண மண்டபத்தில்
ஞாயிறு ஆறரைக்கு நாடகம். அறுபது ரூபாய்.
கிருஷ்ணகிரியில் இது அடிக்கடி நடப்பதில்லை,
அதனால்தான் துணிந்து கிளம்பினேன்.

மணக்கும் சோப்பு எனக்கு ஆகாது.
துணிப்பொடிப் பொட்டலத்தைத் திருப்பி
பின்பக்கத்துப் பொடி எழுத்தை
வெயிலில் பிடித்துப் படிக்கிறவள் நான்.

வாசலிலேயே பன்னீர்ச் செம்பு.
"நாடகத்துக்கு எதுக்குங்க பன்னீர்?"
"மண்டப வாடகையில சேர்த்தி, மேடம்."
குனிந்து தப்பித்தேன்.

உள்ளே காலை முகூர்த்தம் இன்னும் கலையவில்லை.
மிதிபட்ட சம்பங்கி, அணைந்த கற்பூரம்,
முன்வரிசைப் பெண்ணின் சடையில் நாலு முழம் மல்லி,
யாரோ பூசிய பவுடர், நாற்காலிக்கடியில் கொசுவத்தி.
எல்லாவற்றோடும் ஓர் ஒப்பந்தம் போட்டேன்:
நீங்கள் அங்கே, நான் இங்கே,
நடுவில் மின்விசிறி.

விளக்கணைந்தபின் அவர் வந்தார்.
ஆளுக்கு முன்னால் செண்ட் வந்து உட்கார்ந்தது.

கண்ணுக்குப் பின்னால் ஓர் ஆணி.
நெஞ்சுக்குள் யாரோ
கோணிப்பையின் வாயைத்
தைக்கத் தொடங்கினார்கள்.

மேடையில், கட்டிலில்,
காசநோய்க்காரியாக ஒரு பெண் இருமினாள்.
மூன்றாம் வரிசையில் நான் இருமினேன்.
அவள் ஒன்று. நான் நாலு.
யாரோ சிரித்தார்கள். யாரோ "உஷ்" என்றார்கள்.
அவள் இருமல் ஒத்திகை பார்த்தது,
வசனத்துக்கு இடம் விட்டு நின்றது.
என் இருமலை யாரும் எழுதித் தரவில்லை.

முந்தானையால் மூக்கை அழுத்திக்கொண்டு சொன்னேன்:
"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க,
இந்த வாசனை..."

அவர் சட்டென்று
இரண்டு கைகளையும் விலாவோடு இறுக்கிக்கொண்டார்.
"இன்னும் நாறுதுங்களா?"

எனக்குப் பேச்சு வரவில்லை.
அவருக்கு நிற்கவில்லை.
"மாங்கூழ் ஃபேக்டரிங்க, தோல் அள்ளுற வேலை.
சீசன்ல மூணு தபா குளிச்சாலும் போகாது.
கட்டில்ல படுத்திருக்கே, நம்ம பாப்பாங்க, நவ்யா.
நாலு பேர் பக்கத்துல உக்காரணுமேன்னு
பாட்டில்ல பாதிய ஊத்திக்கினேன்."

அந்த வாசம் எனக்குத் தெரியும்.
பர்கூர் பேருந்து அந்த வளைவில் திரும்பும்போது
சன்னல்கள் எல்லாம்
சொல்லி வைத்ததுபோல் மூடும்.
நான் மட்டும் மூடியதில்லை.
புளித்த தோல் என் நெஞ்சை ஒன்றும் செய்வதில்லை.
அதை எப்படிச் சொல்வது?
அப்படியே நாறி வந்திருக்கலாமே
என்றா?

புரிந்தது.
புரிந்ததால் மூச்சு வந்துவிடவில்லை.

அவர் எழுந்தார். "நான் பின்னால போயிர்றேன்."
தோளைத் தொட்டு உட்கார வைத்துவிட்டு
நான் வெளியேறினேன்,
பத்து முழங்கால்களை இடித்துக்கொண்டு.

சமையல்கட்டுப் பக்கத்துக் கதவு.
இன்ஹேலர், இரண்டு முறை.
மலைக்கோட்டைப் பக்கமிருந்து காற்று,
அதில் கொஞ்சம் டீசல், கொஞ்சம் மழை.
கதவிடுக்கில் மேடை பாதிதான் தெரிந்தது,
கட்டிலின் கால்மாடு மட்டும்.
அவள் செத்ததை நான் பாதத்தில் பார்த்தேன்.
இடது பெருவிரல் லேசாக மடங்கி
பிறகு மறந்துபோனதுபோல் விரிந்தது.
கூட்டத்தில் ஒருவரும் இருமவில்லை.

விளக்கு வந்தது.
மூன்றாம் வரிசையில் அவர் எழுந்து நின்று
தலைக்கு மேல் கைதட்டிக்கொண்டிருந்தார்.
வலப்பக்கம் நாலு நாற்காலி காலி.
இடப்பக்கம், என்னுடையதோடு சேர்த்து, மூன்று.
அவர் அதைப் பார்த்தாரா தெரியாது.

வெள்ளைப் பூச்சு கலையாத முகத்தோடு
அந்தப் பெண் இறங்கி ஓடி வந்தாள்.
"நைனா!" என்று கட்டிக்கொண்டாள்.
உடனே தும்மினாள்.
விலகாமல், அவர் சட்டையிலேயே,
இன்னொரு தும்மல்.

நான் காற்று வரும் பக்கமாகத் தள்ளி நின்று
கைதட்டினேன்.