காற்று கிழித்தது

ஜஹ்ரா பழைய சூக்கில்
சிப்பாய் உடுப்பு தைக்கும் எங்கள் கடை மேசையில்
அதை வீசிப் போட்டார் அபூ மிஷால்.
வேட்டைக்காரர் ஒளிந்துகொள்ளும் துணிக்கூடு.
கட்டு அவிழ்ந்ததும் வளையக் கம்பி படக்கென விரிந்து
ரஃபீக்குலின் தேநீரைத் தட்டிவிட்டது.

"ஹவா" என்றார்.
காற்று கிழித்துவிட்டதாம்.
வியாழன் இரவுக்குள் வேண்டும்,
வெள்ளி விடியலில் காட்டுப்புறா கடந்துபோகும்.
ஒன்றரை தினார் என்றேன். ஒன்று என்றார்.
ஒன்றேகாலில் முடிந்தது.

கூடு முழுக்க இலை அச்சு.
எந்த ஊர் மரமோ,
ஓரம் நெளிந்த இலைகள், உரிந்த பட்டை,
ஓரிடத்தில் பாசிகூட.
இந்த மணலில் இத்தனை இலையை நம்பி
எந்தப் புறா ஏமாறும் என்று கேட்டுவிட்டேன்.
பறவை இலையைப் பார்ப்பதில்லை,
அசைவைப் பார்க்கும், மினுக்கத்தைப் பார்க்கும்
என்று சொல்லிவிட்டு வண்டியேறினார்.

காற்று கிழித்த துணி எனக்குத் தெரியும்.
மூலையில் ஆரம்பிக்கும்.
தையலோடு ஓடும்.
பிசிர் தாடிபோலத் தொங்கும்.
இதுவோ நெஞ்சு உயரத்திலிருந்து தரைவரை
ஒரே கோடு.
உள்பூச்சின் கறுப்பு
வெளிப்பக்கமாகச் சுருண்டிருந்தது.

கத்தி.
உள்ளேயிருந்து.

வாசல் ஜிப்பைத் திருப்பிப் பார்த்தேன்.
பல்லிடுக்கெல்லாம் மணல்.
ரன்னருக்குள் மடிப்புத் துணி சிக்கி
மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது.
பக்கத்தில் பூச்சின்மேல்
நகம் பிறாண்டிய தடம், நாலு.

ஆறடி ஆள்.
இருட்டில் உள்ளே போயிருப்பார்.
பிறகு வெயில் ஏறியிருக்கும்.

ஒருமுறை லிஃப்டில் மாட்டிக்கொண்டேன்,
மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே
பதினோரு நிமிடம்.
ஏன் சட்டை இப்படி நனைந்திருக்கிறது என்று
ரூமில் கேட்டார்கள்.
குழாய் வெடித்துவிட்டது என்றேன்.

இலைத்துணி கடையில் கிடையாது.
சிப்பாய்ச் சட்டை வெட்டிய மிச்சத்தை எடுத்தேன், மணல்நிறம்.
கிழிசல் ஓரத்தை லைட்டரால் லேசாகச் சுட்டு,
மடித்து, மேலே ஒட்டுவைத்து இரட்டைத் தையல்.
பதினெட்டாம் நம்பரில் ரெண்டு ஊசி முறிந்தது.
அந்நிய மரங்களின் நடுவே
ஒரு சாண் அகலத்துக்குப் பாலைவனம் வந்தது,
அது மட்டுமே இந்த ஊர்க்காரன்.
நூல் விளக்கில் மினுங்கிற்று.
தையல்மேல் மெழுகு தேய்த்து
வாசற்புழுதியை அள்ளி அப்பினேன்.

அவர் கேட்ட வேலை அத்தோடு சரி.

பழைய பல்துலக்கியால் ஜிப்பின் பற்களைத் தேய்த்தேன்.
ரன்னரை உருவிப் பெரிதாக ஒன்று மாற்றினேன்.
சிக்குகிற மடிப்பை நறுக்கிப் பின்தள்ளித் தைத்தேன்.
உட்பக்கம் ரன்னரின் காதில்
ஆரஞ்சு நாடா ஒன்று, கைநீளம், நுனியில் முடிச்சு.
வெளியே தெரியாது.
இருட்டில் தேடுகிற கைக்கு அகப்படும்.
பில்லில் எழுதவில்லை.

வியாழன் இஷா தொழுகை முடிந்து வந்தார்.
கடைக்கு நடுவே கூட்டை விரித்தார்.
ஒட்டைத் தடவிப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் குனிந்து உள்ளே போனார்.
ஜிப் மூடியது.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு சர்ரென்று திறந்தது. மூடியது.
திறந்தது. மூடியது.
ரஃபீக்குல் சிரிக்க வாயெடுத்தான்.
ஊசியில் நூலில்லாமலே
நான் மெஷினை ஓட்ட ஆரம்பித்தேன்,
வேகமாக,
அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்காதபடி.

வெளியே வந்தவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.
வளையத்தை எட்டாக முறுக்கி மடிக்க
மூன்று பேரும் சேர்ந்து மல்லுக்கட்டினோம்.
ரெண்டு தினார் தாளாக வைத்தார்,
மிச்சம் கேட்கவில்லை.

வாசலில் நின்று திரும்பாமல் சொன்னார்:
"இந்த வருஷம் ஹவா வாஜித்."

ஆமாம், நானும் பார்த்தேன் என்றேன்.
வாஜித்.