பன்னிரண்டாம் எண்

ஐந்து ரோட்டில் மாடிப்படிக்குக் கீழே என் பட்டறை.
டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்குப்
பீங்கானில் பல் செய்கிறேன்.
தொள்ளாயிரம் டிகிரியில் வெந்து
கடைவாய்ப் பல் ஒன்று வெளியே வந்ததும்
நகத்தால் சுண்டிப் பார்ப்பேன்.
சுண்டிச் சுண்டித்தான் பிடித்தது இந்தக் கிறுக்கு.

செவ்வாய்ப்பேட்டைக் காயலான் கடையில்
மின்விசிறி இறக்கைகளுக்கு நடுவே ஒரு தட்டு.
கடைக்காரர் விலை சொல்லி முடித்த பிறகும்
அதன் ஓசை நின்றுகொண்டிருந்தது.
முதுகில் நீலக் கிரீடம், ஸ்டாஃபர்ட்ஷயர் என்று ஓர் ஊர்,
யாரோ ஒரு பெண் தூரிகையால் இட்ட இரண்டு புள்ளி.
எண்பது சொன்னார். அறுபதுக்குத் தந்தார்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை
பன்னிரண்டு பேருக்கென்று கப்பலில் வரவழைத்ததாம்.
துரை போனான், தோட்டம் மூன்று கை மாறியது,
தட்டுகள் தம் போக்கில் மலையிறங்கின.
பங்களா ஏலத்தில் ஆறு.
லாட்ஜ் ஒன்றில் சிகரெட் சாம்பலோடு ஒன்று;
மேனேஜர் கையில் எவர்சில்வர் கிண்ணத்தைத் திணித்து வாங்கினேன்.
மற்ற மூன்றும் என்ன விலை என்று
சுகுணாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மாட்டெலும்புச் சாம்பல் கலந்தது என்று
நானே ஒருநாள் உளறியதில்
சமையலறைக்குள் அவற்றுக்கு இடமில்லை.
பீரோவில், என் சர்ட்டிபிகேட்டுகளுக்கு மேல், பதினொன்று.
இரவில் ஒன்றை எடுத்து
ட்யூப்லைட்டுக்கு நேரே பிடிப்பேன்.
மறுபக்கத்து விரல்கள் நிழலாடும்.
அவ்வளவுதான். அதற்குத்தான் இத்தனையும்.

பன்னிரண்டாவது நாகலூருக்கு மேலே இருப்பதாக
மிளகு வாங்கப் போய்வந்த பெரியநாயகம் சொன்னார்.
இருபது கொண்டை ஊசி, பிறகு ஜீப், பிறகு நடை.
சடையம்மாள் வீட்டில் நான் வாயைத் திறக்குமுன்
சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன,
அதன் மேல்.

விளிம்பில் நீலக்கொடி தெரிந்தது.
மீதியைச் சாப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.
ஓரமாய் ஒரு கவளம் எடுத்தேன்: கொக்கின் கால்.
எதிர்ப்பக்கம்: படகின் மூக்கு.
நடுவே குவிந்த சோற்றை ஒதுக்க
ஆளில்லாத பாலம் ஒன்று மெல்ல எழுந்தது.
"நல்ல பசி போல" என்று இன்னொரு கரண்டி விழுந்தது.
பாலம் மூழ்கியது.

பதினொன்றைப் பூட்டி வைத்திருக்கிறவன்
அன்றுதான் முதன்முதலாக
இவற்றில் ஒன்றில் சாப்பிட்டேன்.

வழித்துத் தின்றுவிட்டுத் தட்டைத் தலைக்குமேல் கவிழ்த்தேன்.
குழம்பு மணிக்கட்டில் இறங்கி முழங்கை வரை போனது.
கிரீடம் இருந்தது. புள்ளி மட்டும் மூன்று.
வேறு கை. வேறு பெண்.

இரண்டாயிரம் என்றேன். ஐயாயிரம் என்றேன்.
சடையம்மாள் சிரித்தாள்; மேல்வரிசையில் ஒன்று இல்லை.
தொழில்புத்தி முந்திக்கொண்டது:
தட்டைக் கொடுங்கள், பல் கட்டித் தருகிறேன்.
"இல்லாத பல்லுக்கு இருக்கிற தட்டா?
வர்றவங்களுக்கு எதுல போடுவேன்?"
அடுப்புச் சாம்பல் தொட்டுத் தேய்த்துக் கழுவி
சுவரில் சாய்த்தாள். கொக்கு தலைகீழாய் நின்றது.

அடுத்த மாதம் பெரியாஸ்பத்திரிக்கு இறங்கியவளை
எனக்குத் தெரிந்த டாக்டரிடம் உட்காரவைத்து அளவெடுத்தேன்.
பக்கத்துப் பல் இரண்டையும் பிடித்துக்கொண்டு
நடுவில் இல்லாததை நிறுத்துவது.
எங்கள் தொழிலிலும் அதற்குப் பாலம் என்றுதான் பெயர்.
நிற அட்டையில் எதுவும் ஒத்துவரவில்லை.
அந்தத் தட்டின் வெள்ளையை மனசில் வைத்து
வெற்றிலைக் கறை ஒரு துளி சேர்த்துச் சுட்டேன்.
பணம் வேண்டாம் என்றதற்கு
நாலு கமலா ஆரஞ்சு வைத்துவிட்டுப் போனாள்.
ஒன்று புளிப்பு.

சேகரிப்பு நோட்டில் எண் பன்னிரண்டு.
விளிம்பு: சேதமில்லை.
புள்ளி: மூன்று.
இருக்குமிடம்: நாகலூருக்கு மேலே.
நிலை என்ற கட்டத்தில்
வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்து
ஈரம் என்று எழுதினேன்.