பெறப்பட்டது

வியாசர்பாடி பி.வி. காலனி முனையில்
என் அத்தோ வண்டி.
எண்ணெயும் புளித்தண்ணியும் மிளகாய்த்தூளும்
ரேகைவரை ஏறிய கை.
இந்தக் கையால துட்டத் தொடாத என்று
பூபாலன்தான் அந்தப் பெட்டியை வாங்கிவந்தான்.

உள்ளங்கை அளவு. உள்ளே ஒருத்தி.
"நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்பாள்.
எங்கள் தெருவில் யாரும் எதையும் பெறுவதில்லை.
வாங்குவோம், பிடுங்குவோம்,
வட்டிக்காரனிடம் ரெண்டு நாள் தவணை கேட்போம்.
அவள் மட்டும் பெறுவாள்.
எழுபது என்றால் எழுபதுதான் அவளுக்கு,
எங்களைப் போல எயுவது இல்லை.

ரெண்டு வருஷமாக நான் தலை நிமிரவில்லை.
பிசைவேன், முட்டையைப் பிளந்து வெங்காயம் அடைப்பேன்,
வாழைத்தண்டு சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றுவேன்.
அவள் குரல் வந்தால் அடுத்த தட்டு.
சில்லறை டப்பாவில் இப்போது
ரப்பர் பேண்டும் தீர்ந்துபோன ஒரு பேனாவும்.
மூணு அத்தோ ரெண்டு பேஜோ எவ்வளவு?
தின்றவன்தான் எனக்குச் சொல்கிறான்.

வெள்ளிக்கிழமை ஏழேகாலுக்கு அவள் வாயை மூடினாள்.

"சர்வர் டவுனுக்கா."
"சுத்துதுக்கா, சுத்திக்கினே கீது."
பதினோரு பேர்.
தின்று முடித்த வாயோடு
போனை வானத்துக்குக் காட்டி நிற்கிறார்கள்.
ஒருவன் டிரான்ஸ்பார்மர் பக்கம் நடந்து பார்க்கிறான்,
ஒருத்தி அணைத்து அணைத்துப் போடுகிறாள்.
ஒரே ஒருவரிடம் மட்டும் ஐந்நூறு ரூபாய்த் தாள்.
அதற்குச் சில்லறை என்னிடம் இல்லை.

அப்போதுதான் பார்த்தேன்.
ஸ்டான்லி ஆஸ்பத்திரி அடையாள அட்டையைக்
கழற்ற மறந்து வந்த பெண்,
புருவத்தில் தையல் போட்ட
கன்டெய்னர் லாரி கிளீனர்,
பழைய வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடைச் சீருடையில் மூன்று பேர்,
சூப் இன்னும் கொஞ்சம் என்று
மூன்று தரம் கேட்ட தாடிக்காரர்.
இவர்களா?
தினமும் வந்து
நாற்பது, எண்பது, நூற்றுப்பத்து என்று
போய்க்கொண்டிருந்தது இவர்களா?

"நாளைக்குக் குடுங்க, போங்க" என்றேன்.
சொன்னபிறகுதான் வயிறு எரிந்தது.
மறுநாள் நூடுல்ஸுக்கே காசு அதில்தான்.
நின்றிருந்தவர்கள் என்னை அதிசயமாகப் பார்த்தார்கள்.
அவர்களும் என் முகத்தை
அன்றைக்குத்தான் பார்த்தார்கள் போல.

ராத்திரி ஒன்றே முக்கால்.
தலைமாட்டில் பெட்டி திடீரென்று பேசியது:
"நாற்பது ரூபாய் பெறப்பட்டது."
பூபாலன் திருடன் என்று எழுந்து உட்கார்ந்தான்.
"எண்பது ரூபாய் பெறப்பட்டது."
அனுப்பியவர்கள் எல்லாம் தூங்கியிருப்பார்கள்.
எங்கோ சுற்றிக்கொண்டிருந்த பணம் மட்டும்
வழி கேட்டுக் கேட்டு
கொசுவலைக்குள் வந்துகொண்டிருந்தது.

எண்பது, அது புருவத் தையல்.
நூற்றிருபது, ஜவுளிக்கடை மூன்று பேருக்கும் ஒருத்தியே போட்டிருக்கிறாள்.
அறுபது?
அறுபதுக்கு யாரும் தின்னவில்லையே.
ஆஸ்பத்திரிப் பெண் நாற்பதுக்குத்தான் தின்றாள்.
கை தவறி அழுத்தினாளோ,
என் முகத்தில் எதையாவது கண்டாளோ.
இருட்டில் ஒவ்வொரு தொகைக்கும்
ஒரு முகத்தை எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தேன்.
"பைத்தியமா நீ, படு" என்றான் பூபாலன்.

மூன்று மணிக்குள் பத்துப் பேர் வந்துவிட்டார்கள்.
தாடிக்காரர் வரவில்லை.
கொருக்குப்பேட்டைப் பக்கம் சரக்கு ரயில் ஒன்று
முடிவே இல்லாமல் போனது.
அவர் பேர் தெரியாது, வீடு தெரியாது.
பெட்டிக்குத் தெரிந்திருக்கும்.
பணம் வந்தால்தான் அவளும் வாய் திறப்பாள்.

காத்திருந்தேன்.
நாற்பது ரூபாய்க்காக மட்டும் இல்லை.

"பேட்டரி குறைவாக உள்ளது" என்றாள்,
"தயவுசெய்து சார்ஜ் செய்யவும்."

எங்கள் அறையில் பிளக் பாயிண்ட் ஒன்றுதான்.
பேன் வயரைப் பிடுங்கினேன்.
"அடியே" என்று புரண்டான் பூபாலன்,
வேர்வையில் நனைந்து.
நான் அவளைச் செருகினேன்.
சின்னதாக ஒரு பச்சை வெளிச்சம்.