தேரிக்கு ஒரு ரோல்

கூரியர் பையன் பெட்டியைக் குலுக்கிப் பார்த்தான்:
"மருந்துன்னு போட்டிருக்கு, வீட்ல யாருக்கு முடியல?"
ஒருத்தருக்கும் ஒன்றுமில்லை.
ஒரு சீசா ரோடினால், ஒரு பொட்டலம் டி-76,
இரண்டு ரோல்.
வீட்டில் விலையைப் பாதியாகச் சொல்லியிருக்கிறேன்.

எப்சிபா கேன் தண்ணீர் போடுகிறவள்.
திசையன்விளையிலிருந்து குட்டம் வரை
அவள் லோடு ஆட்டோ நுழையாத தெரு இல்லை.
போன மாதம் கேனை இறக்கிவிட்டு நின்றாள்.
"நாப்பது ஆவுது எனக்கு.
கல்யாணப் படம், ஓட்டு அட்டை, பிள்ளைக்கு ஞானஸ்நானம்,
எல்லாத்துலயும் என்னைய வெள்ளையடிச்சிருக்கானுவ.
நீரு ஒண்ணு எடும் வே. தேரியில வெச்சு."

தேரி மண்ணைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.
வேட்டியோடு ஒருமுறை உட்கார்ந்து எழுந்தால்
மூன்று சோப்பு தோற்கும்.
அந்தச் சிவப்பு கருப்பு வெள்ளைக்குள் எங்கே போய் ஒளியும்
என்பது
கேமராவுக்குள் எதைச் சுற்றுகிறேன் என்பதில் இருக்கிறது.

பான்குரோமேட்டிக் போட்டுச் சிவப்பு ஃபில்டர் மாட்டினால்
தேரி உப்பளமாகிவிடும்,
பனைக்குப் பின்னால் வானம் கறுத்து மிரட்டும்,
அவள் முகம் இரண்டு படி வெளுக்கும்.
ஸ்டுடியோக்காரன் செய்ததையே நானும் செய்வேன்
கொஞ்சம் படித்தவனாக.

ஆர்த்தோவுக்குச் சிவப்பு தெரியாது.
மண் கரியாகும்.
உதடும் கன்னத்து மங்கும் ஒரு படி இருளும்.
வானம் எழுதாத தாள்.

நான்கு நாள் யோசித்துவிட்டு அவளிடமே கேட்டேன்.
"ரெண்டும் பொய்தான?" என்றாள்.
"ஆமா."
"வெள்ளப் பொய்யி வீட்டுச் செவுத்துல நெறைய தொங்குது.
கறுத்த பொய்யப் போடும்."

ரோல் முடிவாயிற்று.
மருந்து ஆகவில்லை.
டி-76 எல்லோரிடமும் சமாதானமாகப் போகும்,
முகத்தை நீவிவிடும், மணி தெரியாது.
ரோடினால் அப்படியில்லை,
மணி மணியாக நிறுத்திப் பேர் கேட்கும்.
ஆனிக் காற்றில் வேலியேறி
சோற்றுப் பானைக்குள்ளும் வந்து விழுகிற மண்ணுக்கு
எது சரி என்று
யாரைப் போய்க் கேட்க?

வண்டி ஓட்டுகிற மெரூன் சட்டையோடே வந்தாள்.
பல் தெரியச் சிரித்தாள், பிறகு சிரிக்காமல் நின்றாள்,
பிறகு கண்ணில் மண் விழுந்து
என்னைத் திட்டினாள். அதையும் எடுத்தேன்.

இருபது டிகிரி என்கிறது சீசா.
இந்த ஊர்த் தண்ணீர் அந்த எண்ணைக் கேள்விப்பட்டதேயில்லை.
உவரியிலிருந்து வருகிற மீன் வண்டியில் ஐஸ் வாங்கி
சாளை நாற்றத்துக்கு நடுவே ரோடினாலைக் குளிரவைத்தேன்.
கிறிஸ்துமஸ் ஸ்டாரில் கழற்றிய சிவப்பு விளக்கு,
குளியலறைக் கதவு இடுக்கில் பழைய சாக்கு.
ஒன்றுக்கு ஐம்பது.
நிமிடத்துக்கு நாலு தரம் கவிழ்த்து நிமிர்த்தினேன்.
கடைசி அலசலுக்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது,
உப்புப் பூத்துவிடும்.
அவள் கேன்தான். முப்பத்தைந்து ரூபாய்,
தள்ளுபடி கிடையாது.

காய்ந்த சுருளை எடுத்துக்கொண்டு தேரிக்கே போனோம்.
இரண்டு விரலால் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.
நெகட்டிவில் வானம் அடைமழைக் கறுப்பு.
அவள் பல் கறுப்பு.
மண் இருந்த இடத்தில் ஒன்றுமேயில்லை,
வெறும் கண்ணாடி.
கையைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.
அந்தக் கண்ணாடி வழியே
எதிரே கிடந்த தேரி அப்படியே சிவந்து தெரிந்தது,
மண்ணிலும்,
அவள் முகம் இருந்த மெல்லிய இடத்திலும்.

நெடுநேரம் பார்த்தாள்.
பிரிண்ட் எப்போது என்று கேட்கவில்லை.
"எட்டு கேன் பாக்கி கெடக்கு" என்று
வண்டியைக் கிளப்பினாள்,
சுருளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு.
கீறல் விழும் என்று கத்தினேன்.