அறியாத தொகுதி

ஹீயுமா தீவு, படகுத்துறை அலுவலகம்.
காலை ஐந்தே முக்கால்.
வெளியே மைனஸ் பத்தொன்பது.
உள்ளே ஒரு கறுப்புத் திரை,
அதன் கடைசி வரி:
கெர்னல் பேனிக். வேரை ஏற்ற முடியவில்லை.
அறியாத தொகுதி, பூஜ்யம், பூஜ்யம்.

இரவு ஒன்றரைக்குத் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு
தானே அணைந்து
தானே எழப் பார்த்து
பாதியில் நிற்கிறது.
யாரும் பார்க்காதபோது வழுக்கி விழுந்தவன் முகத்து
அசட்டுக்களை
திரைக்கும் உண்டு.

இந்தப் பெட்டிதான்
கடல்மேல் கிடக்கும் பனிச்சாலையின் தடிமனை
பதினாறு இடத்தில் அளந்து சொல்வது.
அது சொல்லாமல் நான் தடுப்புக்கட்டையைத் தூக்குவதில்லை.

வல்தூர் வந்துவிட்டான், பூட்ஸ் பனியோடு.
ரொட்டி வேன். எதிர்க்கரையில் கடை ஏழரைக்கு.
"நேற்றுதானே இருபத்தேழு சென்டிமீட்டர்.
ஒரே ராத்திரியில் கடல் உருகிவிடுமா, தைமி?"
உருகாது.
விரிசல் விட ஒரு ராத்திரி போதும்.

ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி உயிர்கொடுத்தேன்.
முதல் தடவை விரல் பிந்தியது.
இரண்டாம் தடவையும்.
மூன்றாவதில் பட்டியல் எழுந்தது:
மேலே புதியது,
கீழே போன மாதத்தது, அதற்கும் முந்தியது,
முந்தியதற்கும் முந்தியது.
ஒரு படி இறங்கி என்டர் தட்டினேன்.

சரி.
சரி.
சரி.
வரிசையாகப் பச்சைச் சொற்கள்.
வல்தூர் காபியை எனக்கும் ஊற்றினான்,
கேட்காமல்.

காரணம் அற்பம்.
துவக்கப் பிரிவு நூறு சதவீதம் நிறைந்திருந்தது.
மூன்று குளிர்காலமாக ஒருவரும் கூட்டிப் பெருக்காத அறை,
பதினாலு பழைய கெர்னல்கள்.
வட்டின் கதவைத் திறக்கத் தெரிந்த அந்தச் சின்னக் கோப்பை
எழுதி முடிக்க இடமில்லை;
பக்கத்திலேயே
ஒரு டெராபைட் சும்மா கிடக்கிறது.

அழிப்பதற்கு முன்
இப்போது ஓடுவது எது என்று கேட்டுக்கொண்டேன்.
உட்கார்ந்த கிளையை வெட்டுகிற ஆள் நானில்லை.
பன்னிரண்டைத் தூக்கினேன்.
ஓடுவதையும் அதற்கு முந்தியதையும் விட்டுவைத்தேன்.
கோப்பைத் திரும்பக் கட்டச் சொன்னேன்.
இம்முறை முழுதாக எழுதியது.

பதினாறு எண்கள் வந்தன.
ஆகக் குறைந்தது இருபத்தைந்து.
நேற்றை நம்பியிருந்தாலும் தப்பில்லை என்று
வல்தூர் சொல்லவில்லை.
நான் கவனித்தேன், அவன் சொல்லாததை.

கட்டையைத் தூக்கினேன்.
அவன் இருக்கைவார்ப்பட்டையைக் கழற்றினான்;
பனிமேல் அதுதான் சட்டம்,
உடைந்தால் வெளியே பாய வேண்டும்.
கதவைச் சாத்தி
இருபதில் உருட்டினான்.

புதிய கெர்னலில் எழுப்பிப் பார்க்கவேண்டியது
இன்னும் பாக்கி.
திரை கேட்கிறது: மறுதொடக்கம், இப்போதா, பிறகா.

இருபத்தாறு கிலோமீட்டர்.
சிவப்பு விளக்கு சிறுத்துப் போகிறது.
பிறகு.