பந்து பட்ட இடம்

ரெபேக்கா உதைத்த பந்து
நோயெமியின் வயிற்றில் பட்டது, நவம்பரில்,
வெரோனாவின் புறநகரில், சேறான மைதானத்தில்.
கோல் விழவில்லை.
வலி மட்டும் இரவு வரை நின்றது.
ஸ்கேன் எடுத்தவர்
பந்தின் காயத்தைத் தேடிப் போய்
வேறொன்றைக் கண்டார்:
கணையத்தின் வால் நுனியில்
ஐந்து சென்டிமீட்டர், வழவழப்பாக,
எப்போதிருந்தோ.

கல் என்றும் மண் என்றும் நுரை என்றும்
ஈரல்களுக்குப் பேர் வைத்தோம்.
இதன் பெயருக்குள் மட்டும்
ஒரு கணை.

பத்தொன்பது வயது.
"தழும்பு எவ்வளவு நீளம்?" என்று முதலில் கேட்டாள்.
"திரும்ப கோலில் நிற்கலாமா?" என்று பிறகு.
மூன்றாவது கேள்விக்கு
அம்மா லொரெதானா வாயைத் திறந்து மூடி,
கைப்பையையும் திறந்து மூடினாள்.

ஜனவரி, செவ்வாய், காலை ஏழே முக்கால்.
அதிஜே ஆற்றின் மேல் பனிமூட்டம்.
மருத்துவர் ஓர்ஸொலா செருப்பைக் கழற்றிவிட்டு
காலுறையோடு பெடல்களைத் தடவிப் பார்க்கிறார்.
வலது பெருவிரலில் சின்ன ஓட்டை.
அவருக்கும் அவளுக்கும் நடுவே மூன்று மீட்டர்,
பிளாஸ்டிக் உறை போட்ட நான்கு கைகள்,
யாருக்கும் சொந்தமில்லாதவை போல.

இங்கே விரல் அசைந்தால்
அங்கே ஓர் அரிசி நீளம் அசைகிறது.
நடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடும்,
தயக்கத்தை அல்ல.
தொட்டது எதுவும் விரலுக்கு வந்து சேராது;
நூல் எவ்வளவு இழுபடுகிறதென்று
கண்தான் சொல்ல வேண்டும்.

மண்ணீரலின் நாளம்
கட்டியோடு ஒட்டிக் கிடக்கிறது.
வெட்டினால் வேலை சீக்கிரம் முடியும்.
மண்ணீரலும் போகும்.
"வெட்டலாமா?" என்கிறான்
மேசையருகே நிற்கும் தவீதெ.
"பொறு."
அந்தப் பொறு
ஐம்பது நிமிடம் நீள்கிறது.

சிறு பைக்குள் போட்டு
அடிவயிற்றின் வழியே வெளியே எடுத்தார்கள்.
ஓர்ஸொலாவுக்கு நடுக்கம் அப்புறம்தான் வந்தது,
காப்பி இயந்திரத்தின் முன்,
சில்லறை துளைக்குள் போகாமல்.

பிப்ரவரியில்
லொரெதானா ஒரு வீட்டு மணியை அடிக்கிறாள்.
மூன்று மாதம் அவள் திட்டித் தீர்த்த பெண்
ஈரத் தலையோடு கதவைத் திறக்கிறாள்.
கேக் டப்பாவை நீட்டுகிறாள்.
மனப்பாடம் செய்து வந்த நன்றி
வாயில் வரவில்லை.
"அந்த உதை," என்கிறாள்,
"ரெபேக்கா, நல்ல உதை."