மூடியே வைக்கவும்

அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே ஒரு கிலோமீட்டர்.
எட்டு மாடி, பி பிளாக், படிக்கட்டுக் கதவுகள் பதினாறு.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் சிவப்பில் எழுதியிருக்கிறது
மூடியே வைக்கவும் என்று.
பதினொன்று திறந்து கிடந்தன.

இரண்டாம் மாடிக் கதவுக்கு முட்டு
கிரைண்டர் குழவி.
"ஆட்டற அன்னிக்கு மட்டும் எடுத்துக்குவோமுங்க"
என்றார் துளசிமணி.
நான்காம் மாடியில் நூல் கோன்கள்.
அதற்குப் பின்னால் படி நெடுக
வேஸ்ட் பனியன் துணி மூட்டைகள்.
பஞ்சு எப்படி எரியும் என்று
திருப்பூரில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை.
சொன்னேன்.
"ஞாயித்துக்கெழம வண்டி வருமுங்க."
எந்த ஞாயிறு என்று குறிக்க
என் படிவத்தில் கட்டம் இல்லை.

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி
கதவின் அடியிடுக்கில் பிடித்தேன்.
"கதவுக்குப் பூசைங்களா?"
புகை ஒரு கணம் யோசித்தது.
பிறகு தரையோடு படுத்து, வளைந்து
நாலு சி வீட்டு வாசற்படிக்குப் போனது,
பழகிய வழி போல.

"ஒறம்பரை வந்து போற எடமுங்க.
மூஞ்சிக்கு நேரா கதவச் சாத்துனா நல்லாவா இருக்கும்?"
கேட்டவர் சங்கத் தலைவர் நாச்சிமுத்து.
புகைக்கு யாரும் வாங்க சொல்ல வேண்டாம் என்று
வாயெடுத்தேன்.
அதற்குள் காபி வந்துவிட்டது.

கதவின் ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை.
சூடு பட்டால் பணியாரம் போல் உப்பி
இடுக்கை அடைக்க வேண்டியது.
பெயிண்டர் அதன்மேல் இரண்டு கோட்டு அடித்திருக்கிறான்,
அழகாகத்தான்.
கீலில் ஆயுத பூசைச் சந்தனம் காய்ந்திருக்கிறது.
இரண்டு மணி நேரம்,
அவ்வளவுதான் இந்தக் கதவு கொடுக்கும் வாக்கு.
அதுவும் சாத்தியிருந்தால்.

ஆறாம் மாடியில் கதவின் கையையே
கழற்றிவிட்டிருந்தார்கள்.
ஸ்குரூ நான்கும் மாத்திரை டப்பாவில் பத்திரமாக.
"நான்தானுங்க கழட்டுனேன்" என்றாள் பிரமிளா.
"ராத்திரி ஆரு போனாலும் டமால்னு அடிக்குது.
பாப்பா தூக்கிவாரிப் போட்டு எந்திரிக்கறா.
என்ற ஊட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட்டு.
சித்த நேரம் கண்ண மூட முடியலீங்க."

இதற்கு என்னிடம் விதி எதுவும் இல்லை.
ஸ்குரூ டிரைவர் இருந்தது.

கையை மாட்டி, வால்வைக் கால் திருகு திருகி
விட்டேன். டமால்.
இன்னும் அரைக்கால். டம்.
உள்ளே தொட்டில் கம்பி கிரீச்சிட்டு நின்றது.
இன்னும் ஒரு நூல்.
கதவு வந்தது, வந்தது,
கடைசிச் சாணில் மூச்சைப் பிடித்துக்கொண்டு
நாக்கைக் குழிக்குள் இறக்கியது.

தொட்டிலைப் பார்த்தபடியே அவள் கிசுகிசுத்தாள்:
"எப்பங்க சாத்தப் போறீங்க?"

இறங்கி வந்தேன்.
இரண்டாம் மாடியில் குழவி
அதே இடத்தில், ஈரமாக.
ஓரத்தில் உளுந்து மாவு.
இரண்டு கையாலும் தூக்கி
அவர்கள் வாசலில் வைத்தேன்.
கதவு தானாகப் போய்
டமாலென்று அடித்தது.

உள்ளேயிருந்து ஒரு குரல்:
"ஆருங்க அது?"